நிலாவெளியில் 4 அறை விடுதியை 11 அறையாகப் பெருப்பிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம்: எதை முதலில் செய்ய வேணும்?

நிலாவெளி_விடுதி (கேள்வி)

வணக்கம். குச்சவெளி பிரதேச சபை எல்லைக்குள், நிலாவெளியில் 4 அறையோடு ஒரு விடுதி நடக்குது. காணி 60 பேர்ச். கடற்கரையில இருந்து ஏறக்குறைய 180 மீற்றர். இன்னும் 7 அறை கட்டி, 40 பேர் இருந்து சாப்பிடக்கூடிய மாதிரி ஒரு சாப்பாட்டுக்கூடமும் போட யோசனை. அடுத்த சித்திரையில, சீசன் தொடங்க முதல் திறக்க வேணும். கட்டட வேலை இன்னும் தொடங்கேல்ல.

இப்ப இருக்கிற 4 அறைக்கு ஒருத்தரும் சுற்றாடல் உரிமம் கேட்டதில்லை. 11 அறை எண்டால் வேணுமா? விண்ணப்பத்தைப் பிரதேச சபையில குடுக்கிறதா, மத்திய சுற்றாடல் அதிகாரசபையில குடுக்கிறதா? பழைய செப்டிக் டாங்கும் ஊறல் குழியும் அப்படியே இருக்கு. கிணறு அந்த ஊறல் குழியில இருந்து 36 அடி தூரத்தில. 40 கேவிஏ ஜெனரேற்றர் ஒண்டும் வாங்க இருக்கிறம், அது பக்கத்து வளவு மதிலில இருந்து 14 மீற்றரில வரும்.

இன்னொரு விசயம். 4 அறையை ஒரு பேரிலயும் மிச்சத்தை மனைவி பேரிலயும் பதிஞ்சால் உரிமம் தேவையில்லை எண்டு ஒருத்தர் சொன்னார். சரியா?

---

குளக்கட்டு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சரியில்லை. களப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் வியாபாரப் பதிவைப் பார்த்து அறை எண்ணுவதில்லை. ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரே சமையலறை, ஒரே கழிவுநீர்க் குழாய் என்றால் அது ஒரே தொழில்தான். அப்படியே இரண்டாகப் பிரித்தாலும் உங்கள் புதுப் பகுதியில் மட்டும் 7 அறை இருக்கிறது, அதுவே வரம்பைத் தாண்டிவிட்டது.

வரம்பு இதுதான். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், உரிமம் எடுக்க வேண்டிய தொழில்களின் பட்டியல் 2008 ஜனவரி 25ஆம் திகதிய 1533/16ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிந்து வந்தது. மாசு கூடியது ஏ, நடுத்தரம் பி, குறைந்தது சி. தங்கும் விடுதிகளில் 5 அறையும் அதற்கு மேலும், ஆனால் 20க்குக் குறைவு என்றால் சி. 20ம் அதற்கு மேலும் என்றால் பி. உங்கள் 4 அறைக்கு யாரும் கேட்காததன் காரணம் அதுதான். 11 ஆனதும் சி பிரிவுக்குள் வருகிறீர்கள். பட்டியல் 2022இல் திருத்தப்பட்டிருப்பதால், விண்ணப்பப் படிவத்தில் எழுத வேண்டிய பிரிவையும் தொடர் இலக்கத்தையும் சபையில் வைத்திருக்கும் இப்போதைய பிரதியைப் பார்த்தே எழுதுங்கள். பழைய விடுதி ஒன்றின் உரிமத்தைப் பார்த்து இலக்கத்தைக் கொப்பி பண்ணுவதால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் நிறைய.

சி பிரிவு உரிமம் கொடுக்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே குச்சவெளி பிரதேச சபை. உப்புவெளிப் பக்கமாக இருந்திருந்தால் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. சபை தனியாக முடிவெடுக்காது. தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு ஒன்று உண்டு, அதில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இருப்பார்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் சுற்றாடல் உத்தியோகத்தரிடம் கட்டட வரைபடத்தோடு ஒரு தடவை போய்ப் பேசிவிடுங்கள். அது காசு செலவில்லாத வேலை, ஆனால் பலர் செய்வதில்லை.

முதலில் பரிசோதனைக் கட்டணம் கட்ட வேண்டும்; தொகை உங்கள் முதலீட்டைப் பொறுத்தது. முதலீட்டைக் குறைத்து எழுதினால் கட்டணம் குறையும் என்று சிலர் காணிப் பெறுமதியையும் கட்டடத்தையும் விட்டுவிட்டுத் தளபாடக் கணக்கை மட்டும் எழுதுவார்கள். வங்கிக் கடனுக்குக் கொடுத்த திட்ட அறிக்கையில் வேறு தொகை இருக்கும். இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால் சங்கடம். பரிசோதனை முடிந்து குழு சம்மதித்த பிறகுதான் உரிமக் கட்டணம் தனியாகக் கட்டுவது.

---

சல்லிக்கரை

குளக்கட்டு சொன்னது சரி, ஆனா இந்த விசயத்தில உரிமம் முதல் படியில்லை. நிலாவெளியில அதுக்கு முன்னால ரெண்டு வாசல் இருக்கு.

ஒண்டு கரையோரம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டில இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். நீங்கள் 180இல இருக்கிறீங்கள். அதால கரையோரப் பாதுகாப்பு மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின்ர அனுமதி இல்லாமல் அத்திவாரம் வெட்டக்கூடாது. உங்கட நில அளவைப் படத்தில அந்த உயர்நீர் மட்டக் கோடும், அதில இருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் உள்ள தூரமும் காட்டியிருக்க வேணும். பழைய படத்தில அது இருக்காது. படத்தைத் திரும்பப் போடச் சொல்லித்தான் அனுப்புவினம், அதால நில அளவையாளரிட்ட முதலே சொல்லிப் போடுங்கோ.

மற்றது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். "கடற்கரை விடுதிக்கு வனசீவராசி என்னத்துக்கு?" எண்டு எல்லாரும் கேக்கிறது. நிலாவெளிக் கடலில இருக்கிற புறாமலைத் தீவு 2003இல இருந்து தேசிய பூங்கா. தேசிய பூங்கா எல்லையில இருந்து ஒரு மைலுக்குள்ள எந்த அபிவிருத்தி வேலைக்கும் பணிப்பாளர் நாயகத்தின்ர எழுத்து மூல அனுமதி வேணும் எண்டு வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்ர 9அ பிரிவு சொல்லுது. தீவு கரையில இருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். பூங்கா எல்லை தீவோட நிக்கிறதுமில்லை, சுத்தியுள்ள கடலும் பவளப்பாறையும் சேர்ந்தது. ஒரு மைல் எண்டால் 1.6 கிலோமீற்றர். தீவுக்கு நேர எதிர்ப்பக்கம் உள்ள வளவுகள் இடையில கடல் இருந்தாலும் அந்த வட்டத்துக்குள்ள விழும். உங்கட வளவின்ர நாலு மூலையின்ர ஆள்கூறுகளை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கோ. வெளிய எண்டால் "வெளிய" எண்டு ஒரு கடிதமாவது வாங்கி வைக்கிறது நல்லது. பிறகு சுற்றுலாச் சபைப் பதிவிலயோ வங்கியிலயோ கேள்வி வந்தால் அது கையில இருக்கும்.

காணி உறுதியையும் பாருங்கோ. குச்சவெளிப் பக்கம் கனக்கக் காணி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ குடியிருக்கவோ பயிர் செய்யவோ குடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அதில வியாபாரக் கட்டடம் கட்டிறதுக்குப் பிரதேச செயலாளரூடாக நீண்டகாலக் குத்தகைக்கு மாத்த வேணும். உறுதிக் காணி எண்டால் இந்தப் பிரச்சினை இல்லை. குத்தகைக்கு எடுத்த காணி எண்டால், குத்தகைக் காலம் உரிமக் காலத்துக்குக் காணுமோ எண்டும் பாருங்கோ.

ஒழுங்கு இப்படி வரும்: கரையோரமும் வனசீவராசியும் முதல்ல, அந்தக் கடிதங்களோட பிரதேச சபையில கட்டட வரைபட அனுமதி, பிறகு கட்டிறது, கட்டி முடிய ஒழுங்கிணக்கச் சான்றிதழ் (அனுமதிச்ச வரைபடத்தின்படிதான் கட்டினதெண்டு சபை தாறது), அதோட சுற்றாடல் உரிம விண்ணப்பம். உரிம விண்ணப்பத்தைத் தொழில் தொடங்கிறதுக்குக் குறைஞ்சது 30 நாளுக்கு முதல் குடுக்க வேணும். வியாபார அனுமதிப்பத்திரமும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைப் பதிவும் இதுக்குப் பிறகு, ஏனெண்டால் ரெண்டிடத்திலயும் சுற்றாடல் உரிமத்தின்ர பிரதி கேப்பினம்.

---

உப்பாறு

மேலே சொன்னதெல்லாம் காகித வேலை. அது நேரம் தின்னும், ஆனால் விண்ணப்பத்தை விழுத்துவது அதுவல்ல. நிலாவெளியில் விடுதி உரிமம் நிற்பதும் விழுவதும் கழிவுநீரில்தான். அதைக் கட்டட வரைபடத்தோடு சேர்த்தே வடிவமைக்காவிட்டால், கட்டி முடித்த பிறகு குழி வெட்ட இடமிருக்காது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 11 அறை, அறைக்கு 2 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 200 லீற்றர்: 4,400 லீற்றர். வேலையாட்கள் 8 பேருக்கு ஆளுக்கு 60 லீற்றர்: 480. சாப்பாட்டுக்கூடத்தில் நாளுக்கு 60 சாப்பாடு என்று வைத்து, ஒன்றுக்கு 25 லீற்றர்: 1,500. படுக்கை விரிப்பு, துவாய் வளவிலேயே துவைத்தால் அறைக்கு 4 கிலோ, கிலோவுக்கு 20 லீற்றர்: 880. மொத்தம் 7,260 லீற்றர். அதில் 80 வீதம் கழிவாகத் திரும்பும் என்றால் ஏறத்தாழ 5.8 கனமீற்றர், நாளுக்கு 6 என்று எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் நீர்ப் பாவனை, கழிவுநீர் அளவு என்று தனித்தனியாகக் கட்டம் இருக்கும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி இணைத்துவிடுங்கள். "2,000 லீற்றர்" என்று மனம்போன போக்கில் எழுதி, பக்கத்தில் 11 அறை என்றும் எழுதியிருந்தால் பரிசோதனைக்கு வருகிறவர் உடனே பிடிப்பார்.

உங்கள் பழைய செப்டிக் டாங்க் 4 அறைக்குக் கட்டியது. அதோடு புதுக் குழாயைக் கொழுவ முடியாது. 6 கனமீற்றரை ஒரு நாள் தேக்கி வைக்க 6, அதோடு அடியில் படியும் சேற்றுக்கு 30 பேருக்கு ஆளுக்கு வருடத்துக்கு 40 லீற்றர் வீதம் இரண்டு வருடத்துக்கு 2.4, கூட்டினால் 8.4 கனமீற்றர். உள்ளளவு நீளம் 3.6 மீற்றர், அகலம் 1.7, நீர் ஆழம் 1.5 என்று கட்டினால் 9.2 வரும், போதும். இரண்டு அறை, முதலாவது மூன்றில் இரண்டு பங்கு. உள்வரும் குழாய்க்கும் வெளியேறும் குழாய்க்கும் 'ட்டீ' (T வடிவக் குழாய்த் துண்டு) மறக்க வேண்டாம்; அது இல்லாமல் மிதக்கும் கொழுப்பு நேரே அடுத்த கட்டத்துக்குப் போகும். காற்றுப்போக்கிக் குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். எல்லா மூடியும் சேறு உறிஞ்ச வரும் பவுசர் வண்டியின் குழாய் எட்டும் பக்கம் இருக்க வேண்டும். அலங்காரக் கல் பதித்து மூடியை மறைத்த விடுதிகளில் சேறு எடுப்பதே இல்லை. செப்டிக் டாங்குக்கு இலங்கைத் தரநிர்ணயம் 745 என்று ஒரு நியமம் உண்டு. வரைபடம் கீறுகிறவர் அதன்படி என்று குறிப்பிட்டுக் கையொப்பமிட்டால் கேள்விகள் குறையும்.

அடுத்ததுதான் சிக்கல். நிலாவெளி மண் மணல். மணலில் ஊறல் குழி நன்றாக உறிஞ்சும், அதனால் நல்லது என்று மேசன்மார் சொல்வார்கள். உறிஞ்சுவது உண்மை. ஆனால் அவ்வளவு வேகமாக இறங்கும் நீருக்கு மண்ணில் சுத்திகரிப்பு நடக்க நேரமில்லை, அப்படியே நிலத்தடி நீரில் சேர்கிறது. அந்த நிலத்தடி நீர் என்பது உப்புநீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம். அதைத்தான் நீங்களும் அயலாரும் குடிக்கிறீர்கள்.

அதோடு பருவம். ஆவணியில் 2 மீற்றர் குழி வெட்டினால் காய்ந்து கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை விழுந்ததும் அதே குழியில் நீர் முக்கால்வாசி நிற்கும். ஊறல் குழியின் அடிக்கும் மழைக்கால உச்ச நீர்மட்டத்துக்கும் இடையில் குறைந்தது 1 மீற்றர் வறண்ட மண் வேண்டும். உங்கள் கிணற்றில் மார்கழியில் நீர் நிலமட்டத்திலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது என்பதுதான் முழு வடிவமைப்பையும் தீர்மானிக்கும் எண். கிணற்றுக் கட்டின் உட்புறம் மழைக்கால நீர்க்கறை இருக்கும், அதை அளந்து எழுதுங்கள். கோடையில் எடுத்த ஊறல் சோதனையை மட்டும் இணைத்தால், இந்த ஊர் தெரிந்த உத்தியோகத்தர் திருப்பி அனுப்புவார். அது நியாயம்தான்.

அதனால் ஆழமான குழியை விட்டுவிடுங்கள். செப்டிக் டாங்குக்குப் பின் கல் நிரப்பிய, கீழிருந்து மேலேறும் காற்றில்லா வடிகட்டி ஒன்று. அதிலிருந்து நாணலும் கல்வாழையும் நட்ட கருங்கல் படுக்கை. 6 கனமீற்றருக்கு 45 முதல் 50 சதுர மீற்றர் படுக்கை தேவை. ஆழம் 60 சென்ரிமீற்றர், 10 முதல் 20 மில்லிமீற்றர் கருங்கல், அடியில் நீர் புகாத் தாள் அல்லது கொங்கிரீற்று, சரிவு நூற்றுக்கு ஒன்று. நீர் எப்போதும் கல் மட்டத்துக்குக் கீழேயே ஓடவேண்டும். மேலே தெரிந்தால் நுளம்பு, நாற்றம், பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மூன்றும் வரும். 60 பேர்ச் என்றால் 1,500 சதுர மீற்றருக்குச் சற்றுக் கூட. 50 சதுர மீற்றர் கிடைக்காத வளவில்லை, ஆனால் இப்போதே வரைபடத்தில் ஒதுக்கினால்தான். தயார்நிலைச் சுத்திகரிப்பு இயந்திரங்களும் விற்கிறார்கள், இடம் குறைவு. ஆனால் காற்று ஊதும் பம்பு மின்சாரத்தில் ஓடவேண்டும், சீசன் இல்லாத மாதங்களில் ஆட்கள் வராமல் உள்ளே இருக்கும் பற்றீரியா பட்டினியில் செத்து, சித்திரையில் திரும்பத் தொடங்கும்போது இரண்டு மூன்று கிழமை நாறும். ஆறு மாதம் ஓடி ஆறு மாதம் தூங்கும் விடுதிக்குக் கல் படுக்கைதான் என் தெரிவு.

படுக்கையிலிருந்து வருவதைத் தோட்டத்துக்கு விடலாம். வீதி வடிகானுக்கோ கடலுக்கோ களப்புக்கோ குழாய் வைப்பதாக வரைபடத்தில் ஒரு கோடு இருந்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும். 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18ஆம் இலக்க வர்த்தமானியில் வெளியேற்ற நியமங்கள் உண்டு. உள்நாட்டு நீர்நிலைக்கு விடுவதென்றால் பீ.ஓ.டி. (நீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவையான ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராம், சீ.ஓ.டி. (அதை இரசாயன முறையில் சிதைக்கத் தேவையான ஒட்சிசன்) 250, தொங்கும் திண்மம் 50, எண்ணெயும் கிரீசும் 10, பீ.எச். 6.0 முதல் 8.5. தோட்டத்துக்கு விடும் நீருக்கு வேறு நிரல், அதில் பீ.ஓ.டி. தளர்வு. ஆனால் உங்கள் மண்ணின் கீழ் கிணற்று நீர் இருப்பதால் 30ஐ இலக்காக வைத்து வடிவமையுங்கள். மேலே சொன்ன படுக்கை அளவும் அந்தக் கணக்கில்தான்.

சமையலறை நீர் நேரே செப்டிக் டாங்குக்குப் போகக்கூடாது. கொழுப்பைத் தடுத்துப் பிடிக்கும் கிரீஸ் பொறி ஒன்று கட்டாயம், சமையலறைக்கு வெளியே, கிட்டவே. நெருக்கடி மணித்தியாலத்தில் 500 லீற்றர் வரும் என்றால் அரை மணித்தியாலம் தேங்க 250. சேரும் கொழுப்புக்கும் இடம் விட்டு 500 லீற்றர் கட்டுங்கள். சுடுநீரில் பாத்திரம் கழுவினால் கொழுப்பு உருகிப் பொறியைத் தாண்டும், அதனால் மூன்று தடுப்புச் சுவரும் ஆற நேரமும் வேண்டும். கிழமைக்கு இரு தடவை மேலே மிதப்பதை அள்ள வேண்டும். குளியலறை நீரையோ மலக்குழாயையோ இந்தப் பொறியில் சேர்த்துவிட்ட கட்டடங்கள் உண்டு. குழாய்ப் படத்தில் சரியாக இருந்தாலும் குழாய் போட்டவர் கிட்டிய குழியில் கொழுவிவிடுவார். மூடும் முன் நின்று பாருங்கள். கூரை மழைநீரை எந்தக் குழியிலும் விட வேண்டாம்.

கடைசியாக, கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் நீங்கள் சொன்ன 36 அடி. பழைய ஊறல் குழி போகவேண்டும். 50 அடி என்பது எல்லாரும் சொல்லும் குறைந்த அளவு, மணலில் அதுவும் போதாது. உரிமம் புது 7 அறைக்கு மட்டும் வருவதில்லை, முழு வளவுக்கும் வருவது. பரிசோதனையில் பழைய குழியைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதைச் சேறு எடுத்து, சுண்ணாம்பு போட்டு, மண் நிரப்பி மூடுவதாக வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள். பக்கத்து வளவுக் கிணறுகளையும் படத்தில் குறியுங்கள். உங்கள் கிணற்றுக்குத் தூரமாக வைக்கப் போய் அயலாரின் கிணற்றுக்குக் கிட்டவாக வைப்பதுதான் இங்கே முறைப்பாடு வரும் வழமையான காரணம்.

---

வெருகல்

ஜெனரேற்றர் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

1996ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், 924/12ஆம் இலக்க வர்த்தமானி. பிரதேச சபைப் பகுதி குறைந்த ஒலி வலயம்: உங்கள் எல்லையில் பகல் 55 டெசிபெல், இரவு 45. பகல் என்பது காலை 6 முதல் மாலை 6 வரை. நகரசபைப் பகுதிக்கு 63, 50. திருகோணமலை நகரத்தில் ஒரு கடைக்குச் சரிவந்த இயந்திரம் நிலாவெளியில் சரிவராததற்கு இதுதான் காரணம்.

'சைலண்ட்' என்று விற்கும் 40 கேவிஏ இயந்திரம் 7 மீற்றரில் 72 டெசிபெல் என்று விபரத்தாளில் போட்டிருந்தால், தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபெல் குறையும். உங்கள் 14 மீற்றர் மதிலில் 66. இரவுக்கு இன்னும் 21 டெசிபெல் குறைக்க வேண்டும். வெறும் தூரத்தால் குறைப்பதென்றால் 150 மீற்றருக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும், வளவே அவ்வளவு இல்லை. ஆகவே 9 அங்குலச் செங்கல் அறை, உள்ளே பாறை இழைப் பஞ்சு (rock wool), காற்று உள்வரும் வாயிலுக்கும் வெளியேறும் வாயிலுக்கும் ஒலி தடுக்கும் தட்டுகள். கதவையும் காற்று வாயிலையும் சாதாரணமாக விட்டால் சுவர் எவ்வளவு தடித்தாலும் பயனில்லை. காற்று வாயிலை மூடினால் இயந்திரம் சூடேறி நின்றுவிடும். அதனால் அறை கட்ட முதல் இயந்திரம் விற்பவரிடம் எவ்வளவு காற்று வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அடியில் இறப்பர் தாங்கி. புகைக்குழாய் கூரைக்கு மேலே, அயல் வீட்டு யன்னல் பக்கம் திரும்பாமல். டீசல் வைக்கும் இடத்தைச் சுற்றி, முழுக் கொள்ளளவும் ஊற்றினாலும் தாங்கும் கட்டு ஒன்று போடுங்கள். மணலில் டீசல் ஊற்றினால் கிணறு போனதுதான்.

இரவில் சாப்பாட்டுக்கூடத்தில் பாட்டுப் போடுவதும் இதே 45க்குள்தான். உரிமம் எடுத்த விடுதிகளுக்கு எதிராக வரும் முறைப்பாடுகளில் ஜெனரேற்றரைவிடப் பாட்டுத்தான் கூட.

---

நிலாவெளி_விடுதி

எல்லாருக்கும் நன்றி. உப்பாறு அண்ணா, மார்கழியில கிணத்துத் தண்ணி நிலத்தில இருந்து 4 அடியில நிக்கும், கட்டில கறை இருக்கு. அப்ப ஊறல் குழி சரிவராது எண்டு விளங்குது.

ரெண்டு சந்தேகம். 11 அறைக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்ய வேணும், அதுக்கு லட்சக்கணக்கில வரும் எண்டு ஒரு ஆலோசகர் சொல்றார். உண்மையா? மற்றது, காய்கறிக் கழிவு, மீன் கழிவை என்ன செய்யிறதெண்டு விண்ணப்பத்தில கேப்பினமா?

---

உப்பாறு

4 அடி என்றால் 1.2 மீற்றர். குழி வெட்ட முடியாது, சரி. செப்டிக் டாங்கையும் முழுதாகப் புதைக்க வேண்டாம், பாதியை நிலத்துக்கு மேலே கட்டி மண் அணைத்துவிடுங்கள். வெறுமையான டாங்க் மழைக்காலத்தில் நீரின் அழுத்தத்தால் மேலே கிளம்பும். பிளாஸ்ரிக் டாங்க் என்றால் நிச்சயம் கிளம்பும். மார்கழியில் சேறு எடுக்க வேண்டாம், ஆடி ஆவணியில் எடுங்கள்.

---

சல்லிக்கரை

தாக்க மதிப்பீடு வேணுமெண்டிற திட்டங்களின்ர பட்டியல் 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22ஆம் இலக்க வர்த்தமானி. அதில விடுதி எண்டால் 99 அறைக்கு மேல, அல்லது 40 ஹெக்ரயருக்கு மேல. அளவால நீங்கள் அதுக்குள்ள வரமாட்டீங்கள். ஆனா கரையோர வலயத்துக்குள்ள நடக்கிற வேலைக்கு, கரையோரத் திணைக்களம் தேவையெண்டு நினைச்சால் மதிப்பீடு கேக்கச் சட்டத்தில இடம் இருக்கு. அவை எழுத்தில கேட்டால் செய்யுங்கோ. கேக்க முதலே ஆலோசகருக்குக் காசு கட்ட வேண்டாம். அந்தக் காசைக் கல் படுக்கையில போடுங்கோ.

---

குளக்கட்டு

திண்மக் கழிவு கேட்பார்கள். சபை வண்டி உங்கள் வீதிக்கு எந்த நாட்களில் வருகிறது, எதை எடுக்கும் என்று எழுதி, சபையின் சேகரிப்புக் கடிதத்தை இணையுங்கள். சமையல் கழிவுக்கு மூடியுள்ள கூட்டெருப் பீப்பாய்கள் போதும். மீன் குடல், செதிலைப் பீப்பாயில் மேலாகப் போட்டால் காகமும் நாயும் வரும், அதைப் பீப்பாயில் உள்ள எருவுக்குள் ஆழமாகப் புதைத்து மேலே உலர்ந்த இலை போடவேண்டும். அதைவிட, மீனை வெட்டித் துப்பரவாக்கிய பிறகு வாங்குவது லேசு. பாவித்த சமையல் எண்ணெயைக் கானில் ஊற்றாமல் தகரத்தில் சேர்த்து எடுப்பவர்களிடம் கொடுத்து, பற்றுச்சீட்டு வைத்திருங்கள். கடற்கரையில் குப்பை எரிப்பது, மணலில் புதைப்பது என்று ஒரு வரி எழுதினாலும் அதற்கே தனி நிபந்தனை வரும்.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை: உறுதி அல்லது குத்தகைப் பிரதி, நில அளவைப் படம், வியாபாரப் பதிவு, அனுமதித்த கட்டட வரைபடம், ஒழுங்கிணக்கச் சான்றிதழ், கழிவுநீர் வரைபடமும் கணக்கும், இயந்திரப் பட்டியல் குதிரைவலுவோடு, வளவுக்கு வரும் வழிப் படம், கரையோர, வனசீவராசிக் கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே அறை எண்ணிக்கை. வரைபடத்தில் 11 அறையும் 'களஞ்சியம்' என்று எழுதிய, குளியலறையோடு சேர்ந்த 12ஆவது அறையும் இருந்தால் களத்தில் 12 என்றே எண்ணப்படும்.

உரிமம் கிடைத்ததும் பின்பக்கம் உள்ள நிபந்தனைகளை வாசியுங்கள், முன்பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதோடு நிற்க வேண்டாம். நீர் மாதிரியை எத்தனை மாதத்துக்கொரு தடவை சோதிக்க வேண்டும் என்று அங்கேதான் இருக்கும். சி பிரிவு உரிமம் 3 வருடத்துக்கு. முடிய 3 மாதம் முன்னரே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். அப்போது பவுசர் பற்றுச்சீட்டும் நீர்ச் சோதனை அறிக்கைகளும் கேட்பார்கள், ஆகவே முதல் நாளிலிருந்து ஒரு கோப்பில் போடுங்கள். இடையில் அறை கூட்டினாலோ சலவை இயந்திரங்கள், நீச்சல் தடாகம் சேர்த்தாலோ அது புது விண்ணப்பம். தடாகக் குளோரின் நீரை இந்தச் செப்டிக் டாங்கில் விட்டால் டாங்க் வேலை செய்யாது, அதையும் இப்போதே மனதில் வையுங்கள்.

மறுத்தால், மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். சுற்றாடல் அமைச்சின் செயலாளருக்கு 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் பெரும்பாலான நேரங்களில் "மறுப்பு" என்று ஆட்கள் சொல்வது, குழு கேட்ட திருத்தத்தைச் செய்யாமல் கோப்பு கிடப்பதைத்தான். திருத்தம் செய்து படமெடுத்து ஒரு கடிதத்தோடு கொடுத்தால், திரும்ப வந்து பார்ப்பார்கள்.

சித்திரை என்றால் நில அளவையாளரை இந்தக் கிழமையே கூப்பிடுங்கள். கட்டட வரைபடம் கீறுகிறவரிடம் கிணற்றுக் கறையின் 4 அடியையும் 50 சதுர மீற்றர் படுக்கையையும் சொல்லாமல் ஒரு கோடும் கீற விடவேண்டாம்.